சொந்த விமானத்தில் லட்சத்தீவு: நாலு சீட் இருந்தும் நாலு பேர் ஏன் போக முடியாது?

உங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் இப்படி ஒரு மெசேஜ் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பியவர் ஃப்ளையிங் கிளப்பில் பைலட் லைசென்ஸ் எடுத்த நண்பர். "செஸ்னா ஒண்ணு கிடைக்கும். சனிக்கிழமை காலைல கொச்சில இருந்து கிளம்பினா மதியம் அகத்தில மீன் சாப்பாடு. ஞாயிறு ரிட்டர்ன். நாலு சீட் இருக்கு. செலவை ஷேர் பண்ணிக்கலாம். யாரெல்லாம் வர்றீங்க?"

கேட்கவே ஜம்முன்னு இருக்கும். கப்பலுக்குக் காத்திருக்க வேண்டாம், டிக்கெட் கிடைக்குமா என்ற கவலையும் இல்லை. ஆனால் அந்த ஒரு மெசேஜுக்குள் எடை, எரிபொருள், காற்று, சட்டம் என்று குறைந்தது நான்கு சிக்கல்கள் இருக்கின்றன. அவற்றில் எதையும் வானத்தில் போய்த் தீர்க்க முடியாது. கிளம்புவதற்கு முன்பே, தரையில் உட்கார்ந்து, பேப்பரில் தீர்த்தாக வேண்டும். எப்படி என்று பார்ப்போம்.

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

2024 ஜனவரியில் பிரதமர் மோடி லட்சத்தீவு போய்வந்தார். அந்தப் படங்கள் வெளியானதும் அந்தத் தீவுகளைப் பற்றிய தேடல் எகிறியது. அதே ஆண்டு மார்ச் 31-ல் இண்டிகோ நிறுவனம் அகத்திக்கு ஏடிஆர் விமானச் சேவையைத் தொடங்கியது. அகத்தி ஓடுபாதையை நீட்டிப்பது, மினிக்காயில் புதிதாக ஒரு விமான நிலையம் கட்டுவது போன்ற திட்டங்களும் தொடர்ந்து பேசப்படுகின்றன.

இன்னொரு பக்கம், சிறிய விமானங்களுக்கான சூழலும் கொஞ்சம் மாறியிருக்கிறது. செஸ்னா போன்ற பிஸ்டன் இன்ஜின் விமானங்களுக்குத் தேவையான 'அவ்காஸ்' என்ற சிறப்புப் பெட்ரோலை இந்தியா நெடுங்காலம் இறக்குமதிதான் செய்துவந்தது. 2022 செப்டம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் வதோதராவில் உள்ள தன் குஜராத் சுத்திகரிப்பு ஆலையில் தயாரித்த அவ்காஸை அறிமுகப்படுத்தியது. இப்படி இரண்டு பக்கமும் ஆர்வம் கூடும்போது, 'நாமே ஓட்டிக்கிட்டுப் போனா என்ன?' என்ற கேள்வி வருவது இயல்புதான்.

அகத்தி எப்படிப்பட்ட இடம்?

லட்சத்தீவு யூனியன் பிரதேசத்தில் மொத்தம் 36 தீவுகள். மக்கள் வசிப்பவை 10. எல்லாவற்றையும் சேர்த்தாலும் நிலப்பரப்பு 32 சதுர கி.மீ.தான். இதில் விமானம் இறங்கும் ஓடுபாதை உள்ள ஒரே தீவு அகத்தி. தலைநகர் கவரத்தியில்கூட ஹெலிகாப்டர்தான் இறங்க முடியும்.

அகத்தி விமான நிலையம் 1988-ல் திறக்கப்பட்டது. ஓடுபாதையின் நீளம் சுமார் 1,200 மீட்டர், அகலம் 30 மீட்டர். ஒல்லியான தீவின் தென்முனையில், இருபுறமும் கடல் தெரிய நீண்டு கிடக்கும் அந்தப் பாதையின் படத்தை நீங்களும் இன்ஸ்டாகிராமில் பார்த்திருப்பீர்கள்.

'இவ்வளவு சின்ன ரன்வேயில் எப்படி இறங்குவது?' என்பதுதான் பலருடைய முதல் பயம். உண்மையில் செஸ்னா 172 போன்ற நான்கு இருக்கை விமானத்துக்கு 1,200 மீட்டர் தாராளம். அதில் பாதி இருந்தாலே போதும். ரன்வே பிரச்சினையே இல்லை. அங்கே போய்ச் சேருவதும், இறங்க முடியாவிட்டால் திரும்பி வருவதும்தான் பிரச்சினை. கொச்சியிலிருந்து அகத்தி சுமார் 459 கி.மீ. நிலப்பகுதிக்கு மிக அருகில் உள்ள தீவான ஆந்த்ரோத்துக்கே கொச்சியிலிருந்து சுமார் 290 கி.மீ. போக வேண்டும். அதுவரை கீழே வெறும் கடல்.

முதல் கணக்கு: எடை

உலகில் அதிகம் தயாரிக்கப்பட்ட விமானம் செஸ்னா 172. அதன் 172எஸ் மாடலையே எடுத்துக்கொள்வோம். அது கிளம்பும்போது இருக்கக்கூடிய அதிகபட்ச எடை 1,157 கிலோ. விமானத்தின் வெற்று எடையைக் கழித்தால், ஆட்கள், எரிபொருள், பைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மிஞ்சுவது சுமார் 400 கிலோ.

டேங்க் நிறைந்தால் பயன்படுத்தக்கூடிய எரிபொருள் சுமார் 200 லிட்டர். அவ்காஸ் தண்ணீரைவிட லேசானது, ஒரு லிட்டர் சுமார் 0.72 கிலோ. ஆக எரிபொருளுக்கே 144 கிலோ போய்விடும். மீதி 256 கிலோ.

ஆளுக்கு 70 கிலோ என்று வைத்தாலும் நான்கு பேருக்கு 280 கிலோ. பைகூட எடுக்காமலேயே வரம்பு தாண்டிவிட்டது. மூன்று பேர் என்றால் 210 கிலோ. மிஞ்சும் 46 கிலோவுக்குள் பைகள், லைஃப் ஜாக்கெட்டுகள், காற்றடைத்த மிதவைப் படகு எல்லாம் அடங்க வேண்டும்.

அதாவது, நாலு சீட் விமானத்தில் இந்தப் பயணத்துக்கு பைலட்டையும் சேர்த்து மூன்று பேர்தான் போக முடியும். 'அப்போ எரிபொருளைக் கொஞ்சம் குறைச்சுக்கலாமே' என்று தோன்றும். அடுத்த கணக்கைப் பாருங்கள்.

இரண்டாவது கணக்கு: வெள்ளிக்கிழமை பெட்ரோல், ஞாயிற்றுக்கிழமை காற்று

இந்தியாவில் அவ்காஸ் எல்லா விமான நிலையங்களிலும் கிடைப்பதில்லை. ஒரு சின்னத் தீவில் அது கைவசம் இருக்கும் என்று நம்பிக் கிளம்பவே கூடாது. எனவே திரும்பி வருவதற்கான எரிபொருளையும் கொச்சியிலிருந்தே சுமந்து போக வேண்டும்.

விமானத்தின் வேகம் மணிக்கு 200 கி.மீ., செலவு மணிக்கு 35 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். இது எளிமைப்படுத்திய கணக்கு. மேலே ஏறும்போது செலவு இன்னும் கூடும்.

காற்றே இல்லாத நாளில் போக 2 மணி 18 நிமிடம், வரவும் அதே நேரம். மொத்தச் செலவு 161 லிட்டர். 200 லிட்டரில் 39 லிட்டர் மிச்சம்.

போகும்போது மணிக்கு 30 கி.மீ. எதிர்க்காற்று இருந்தால் போக 2 மணி 42 நிமிடம். திரும்பும்போது அதே காற்று பின்னால் இருந்து தள்ளினால் 2 மணி நேரம். 'போறப்போ இழந்ததை வர்றப்போ எடுத்துடலாம்' என்று நினைப்போம். ஆனால் மொத்தம் 4 மணி 42 நிமிடம் ஆகிறது, காற்றில்லாத நாளைவிட 6 நிமிடம் அதிகம். எதிர்க்காற்றில் அதிக நேரம் பறக்கிறோம், பின்காற்றில் குறைந்த நேரமே பறக்கிறோம் என்பதால் நஷ்டம் முழுசாக ஈடாவதில்லை.

இப்போது நிஜமான சிக்கலுக்கு வருவோம். டேங்க் நிரப்பியது கிளம்புவதற்கு முந்தைய நாள். திரும்புவது ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் காற்று திசை மாறி, வரும்போதும் எதிரே வீசினால்? மொத்தம் 5 மணி 24 நிமிடம், 189 லிட்டர். டேங்கில் மிஞ்சுவது 11 லிட்டர், அதாவது இருபது நிமிடம்கூட வராது. விமானத் திட்டமிடலில் கட்டாயமாக வைக்க வேண்டிய இருப்பு எரிபொருள் அரை மணி முதல் முக்கால் மணி நேரத்துக்கானது. அந்த நிலையில் அகத்தியிலிருந்து கிளம்பவே கூடாது. திங்கட்கிழமை ஆபீஸ் இருந்தாலும் சரி, காற்று மாறும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

மாற்று ரன்வே எங்கே?

சென்னையில் இறங்க முடியாவிட்டால் விமானம் பெங்களூருவுக்குத் திருப்பப்படுவதைச் செய்திகளில் படிக்கிறோம். எந்த விமானத் திட்டத்திலும் இப்படி ஒரு மாற்று நிலையம் குறிக்கப்பட்டிருக்கும். அகத்திக்குப் பக்கத்தில் அப்படி எதுவும் கிடையாது. கண்ணூர் சுமார் 380 கி.மீ., கோழிக்கோடு 400 கி.மீ.க்கும் மேல். இப்படிப்பட்ட இடங்களைத் தனித்துக் கிடக்கும் விமான நிலையம் என்று சர்வதேச விதிகள் தனியாகவே வகைப்படுத்துகின்றன.

இங்கே பைலட்டுகள் போடும் கணக்கின் பெயர் 'திரும்ப முடியாத புள்ளி'. அதைத் தாண்டிவிட்டால் கிளம்பிய இடத்துக்குத் திரும்பி வர எரிபொருள் போதாது. நம் உதாரணத்தில், போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று, 45 நிமிட இருப்பு என்று கணக்குப் போட்டால், அந்தப் புள்ளி தீவைத் தாண்டி வெகு அருகிலேயே இருக்கிறது. அகத்திக்கு மேலே போய்ச் சேர்ந்தபின் வட்டமடிக்கக் கிடைப்பது சுமார் கால் மணி நேரம்தான். கீழே மழை கொட்டினாலோ, ரன்வேயில் வேறு விமானம் பழுதாகி நின்றாலோ, அந்தக் கால் மணி நேரத்துக்குள் 'திரும்பிப் போறோம்' என்று முடிவெடுத்தாக வேண்டும்.

மினிக்காய் விமான நிலையம் வந்தால் இது மாறுமா? ஓரளவு மாறும். ஆனால் மினிக்காயும் அகத்தியிலிருந்து சுமார் 300 கி.மீ. தள்ளித்தான் இருக்கிறது. பெரிய விமானங்களுக்கு அது நல்ல மாற்று. செஸ்னாவுக்கு அப்போதும் ஒன்றரை மணி நேரக் கடல் பயணம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1934-ம் ஆண்டு விமானச் சட்டத்துக்குப் பதிலாக, 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் அதிநியம் நடைமுறையில் இருக்கிறது. உரிமங்களையும் பாதுகாப்பையும் கவனிப்பது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டிஜிசிஏ). நம் பயணத்துக்கு முக்கியமான விதிகள் இவை:

லைசென்ஸ்: தனியார் பைலட் உரிமம் 17 வயதிலிருந்து எடுக்கலாம். குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஆனால் அது மட்டும் இருந்தால் கண்ணால் பார்த்து ஓட்டும் விஎஃப்ஆர் விதிகளின்படிதான் பறக்கலாம்.

கடல் எல்லை: கட்டுப்பாட்டு வான்வெளியில் கரையிலிருந்து 100 கடல் மைலுக்கு (சுமார் 185 கி.மீ.) அப்பால் கடலின் மேல் பறந்தால், வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கருவிகளைப் பார்த்து ஓட்டும் ஐஎஃப்ஆர் விதிகளின்படிதான் பறக்க வேண்டும். அகத்தி அந்த எல்லையைவிட இரண்டு மடங்கு தூரத்தில் இருக்கிறது. ஆக, கருவி வழிப் பறத்தலுக்கான தகுதி இல்லாத நண்பரால் இந்தப் பயணத்தை எடுத்துச் செல்ல முடியாது. பெரும்பாலான 'வீக்எண்ட் பிளான்'கள் இங்கேயே முடிந்துவிடும்.

அனுமதி எண்கள்: விமானத் திட்டத்தை முன்கூட்டியே பதிவு செய்து, எஃப்ஐசி எண்ணும், வான் பாதுகாப்பு அனுமதிக்கான ஏடிசி எண்ணும் வாங்க வேண்டும். அடையாளம் தெரியாத விமானம் என்று ராணுவ ரேடார் குழம்பாமல் இருக்கத்தான் இந்த இரண்டாவது எண்.

தீவு அனுமதி: வெளியாட்கள் லட்சத்தீவில் நுழைவதை 1967-ம் ஆண்டு விதிகள் கட்டுப்படுத்துகின்றன. இந்தியக் குடிமக்களுக்கும் நுழைவு அனுமதி தேவை. சொந்த விமானத்தில் வந்தோம் என்பதால் யாருக்கும் விலக்கு கிடையாது.

'செலவை ஷேர் பண்ணிக்கலாம்' என்றால்?

தனியார் வகையில் பதிவான விமானத்தை வாடகைக்கோ கட்டணத்துக்கோ ஓட்டக் கூடாது. தனியார் உரிமம் மட்டும் வைத்திருக்கும் பைலட் பறப்பதற்குச் சம்பளம் வாங்கவும் கூடாது. காசு வாங்கி ஆட்களை ஏற்றிச் செல்ல, நேர அட்டவணை இல்லாத சேவைக்கான தனி உரிமம் உள்ள நிறுவனம் வேண்டும். பைலட்டுக்கும் வணிக உரிமம் வேண்டும்.

இதை வெறும் பேப்பர் சமாச்சாரம் என்று நினைக்கிறீர்களா? கால்பந்து வீரர் எமிலியானோ சாலாவின் கதை உங்களுக்கு நினைவிருக்கலாம். 2019 ஜனவரி 21 இரவு, பிரான்ஸின் நாந்த் நகரிலிருந்து பிரிட்டனின் கார்டிஃப் நகருக்கு ஒற்றை இன்ஜின் பைப்பர் மலிபு விமானத்தில் கிளம்பினார். கார்டிஃப் அணி அப்போதுதான் அவரை வாங்கியிருந்தது. வயது 28. கர்ன்சி தீவுக்கு வடக்கே விமானம் கடலில் விழுந்தது. அவரும் பைலட்டும் இறந்தார்கள்.

பிரிட்டனின் விமான விபத்து விசாரணைப் பிரிவு 2020-ல் அறிக்கை தந்தது. கட்டணப் பயணிகளை ஏற்றிச் செல்ல அந்த பைலட்டுக்கு உரிமம் இல்லை, இரவில் பறப்பதற்கான தகுதியும் இல்லை. கட்டுப்பாட்டை இழந்து விமானம் வானிலேயே உடைந்தது. இன்ஜின் புகையிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடு பைலட்டைப் பாதித்திருக்கலாம் என்றும் அறிக்கை சொன்னது. பயணத்தை ஏற்பாடு செய்தவருக்கு 2021-ல் 18 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. வணிக உரிமம் என்பது பணம் வாங்கும் உரிமை மட்டுமல்ல. பைலட்டின் பயிற்சி, விமானத்தின் பராமரிப்பு எல்லாவற்றையும் வேறொருவர் சரிபார்த்திருக்கிறார் என்பதற்கான அடையாளம் அது.

கண்ணுக்குத் தெரிந்தால் போதாதா?

கடலுக்கு மேல் கண் ஏமாற்றும். தரைக்கு மேல் பறக்கும்போது சாலை, ஊர், விளக்கு என்று ஏதாவது தெரிந்துகொண்டே இருக்கும். கடலில் தொடுவானம் ஒன்றுதான் அடையாளம். மூட்டம் கவிந்தால் கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். அப்போது நேராகப் பறப்பதாக உடல் சொல்லும், உண்மையில் விமானம் மெல்ல ஒரு பக்கம் சாய்ந்துகொண்டிருக்கும். காதின் உட்பகுதியில் உள்ள சமநிலை உறுப்பு மெதுவான திருப்பத்தை உணராததுதான் காரணம்.

அமெரிக்க முன்னாள் அதிபர் கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர் 1999 ஜூலை 16 அன்று இப்படித்தான் இறந்தார். மனைவியையும் மைத்துனியையும் ஏற்றிக்கொண்டு, நியூஜெர்சியிலிருந்து மார்த்தாஸ் வின்யார்ட் என்ற சிறிய தீவுக்கு, தானே ஓட்டிய பைப்பர் சரடோகா விமானத்தில் கிளம்பினார். கிளம்பும்போது இரவு 8.38, சூரியன் மறைந்துவிட்டது. வழியில் மூட்டம். கருவி வழிப் பறத்தலுக்கான தகுதி அவருக்கு இல்லை. கடலுக்கு மேல் கடைசிக் கட்டத்தில் திசையுணர்வை இழந்து விமானம் விழுந்தது என்பது விசாரணையின் முடிவு. இன்ஜினில் எந்தக் கோளாறும் கண்டறியப்படவில்லை.

'அது அமெரிக்கா, இரவு நேரம். நம்ம ஊர்ல பகல்ல போனா?' என்று கேட்கலாம். லட்சத்தீவுக்குச் சுற்றுலா சீசன் குளிர்காலமும் அதை ஒட்டிய மாதங்களும்தான். அதே ஜனவரி முதல் மார்ச் வரை இந்தியப் பெருங்கடலின் வடபகுதியில் பழுப்பு நிறப் புகைமூட்டம் பரவுவதை, 1999-ல் நடந்த 'இண்டோயெக்ஸ்' ஆய்வு பதிவு செய்தது. மழைக்காலம் இல்லை என்பதால் தொடுவானம் பளிச்சென்று தெரியும் என்று சொல்லிவிட முடியாது. அரபிக்கடல் புயல்கள் இன்னொரு கவலை. 2017 ஒக்கி புயல் குமரி மீனவர்களிடமிருந்து எத்தனை உயிர்களைப் பறித்தது என்பதை நாம் மறக்க முடியாது. அதே புயல்தான் லட்சத்தீவையும் தாக்கியது.

இன்ஜின் நின்றுவிட்டால்?

இன்ஜின் நின்றால் செஸ்னா கல்போல விழாது, மிதந்து இறங்கும். 10,000 அடி உயரத்திலிருந்து சுமார் 27 கி.மீ. போகும். 459 கி.மீ. பயணத்தில் கொச்சிக் கரைக்கோ அகத்திக்கோ மிதந்து வர முடிகிற தூரம் இரு முனைகளிலும் அவ்வளவுதான். நடுவில் உள்ள சுமார் 400 கி.மீ.யில் இன்ஜின் நின்றால், பெரும்பாலும் தண்ணீரில்தான் இறங்க வேண்டும்.

சக்கரம் மடங்காத விமானம் தண்ணீரில் இறங்கும்போது சக்கரம் முதலில் மாட்டி, கவிழ்ந்துவிடும் வாய்ப்பு அதிகம். அதனால் சில பழக்கங்கள் உயிர் காக்கும். லைஃப் ஜாக்கெட்டை சீட்டுக்கு அடியில் வைக்காமல், கிளம்பும்போதே போட்டுக்கொள்ள வேண்டும். உள்ளே இருக்கும்போது அதில் காற்று நிரப்பக் கூடாது, நிரப்பினால் கூரையில் ஒட்டிக்கொண்டு வெளியே வர முடியாது. தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே கதவைத் திறந்து, மூடாதபடி வைத்துவிட வேண்டும். 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கன் ஒன்று உடம்போடு இருக்க வேண்டும். அதன் சிக்னலைச் செயற்கைக்கோள் பிடிக்கும், பெங்களூருவில் உள்ள இஸ்ரோ மையம் மீட்புக் குழுக்களுக்குத் தகவல் அனுப்பும். அங்கே செல்போன் சிக்னல் கிடையாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அப்போ போகவே முடியாதா?

போகலாம். கருவி வழிப் பறத்தலில் அனுபவமுள்ள பைலட், கடல் பயணத்துக்கு ஏற்ற உபகரணங்கள், இரண்டு இன்ஜின் கொண்ட, எரிபொருள் அதிகம் பிடிக்கும் விமானம் இருந்தால் கணக்கு மாறிவிடும். உரிமம் உள்ள சார்ட்டர் நிறுவனங்கள் இதைத்தான் செய்கின்றன. அப்படிப்பட்ட நிறுவனங்களின் பட்டியலை டிஜிசிஏ இணையதளத்தில் பார்க்கலாம். ஒற்றை இன்ஜின் செஸ்னாவில் அகத்தி என்பது கணக்குப்படி முடியும், ஆனால் தவறுக்கு இடமே இல்லாத பயணம். தீவைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் கொச்சியிலிருந்து ஏடிஆர் விமானமோ கப்பலோ போதும். சிறிய விமானத்தில் பறப்பதுதான் ஆசை என்றால், மாற்று ரன்வேக்கள் நிறைய உள்ள நிலப்பகுதியில் முதலில் அனுபவம் சேர்க்கலாம்.

நம்மில் பெரும்பாலோர் பைலட் இல்லை, பயணிகள்தான். ஏறுவதற்கு முன் இந்த ஐந்தையும் கேளுங்கள்:

1. உங்களுக்குக் கருவி வழிப் பறத்தல் தகுதி இருக்கிறதா? கடைசியாக எப்போது அப்படி ஓட்டினீர்கள்?

2. நம் எல்லோருடைய எடையையும் பைகளையும் சேர்த்து எழுதிய கணக்கைக் காட்ட முடியுமா?

3. அங்கே இறங்க முடியாவிட்டால் எங்கே போவோம்? அதற்கு எரிபொருள் இருக்கிறதா?

4. நான் பணம் கொடுத்தால் இந்த விமானத்துக்கும் உங்களுக்கும் அதற்கான உரிமம் இருக்கிறதா? (உங்கள் விபத்துக் காப்பீட்டு பாலிசியையும் எடுத்துப் பாருங்கள். உரிமம் இல்லாத சேவையில் பறந்தால் இழப்பீடு இல்லை என்ற நிபந்தனை இருக்கலாம்.)

5. எந்த நிலைமை வந்தால் இந்தப் பயணத்தைக் கேன்சல் செய்வீர்கள்?

ஐந்தாவது கேள்விதான் முக்கியம். நல்ல பைலட் யோசிக்காமல் பதில் சொல்வார். 'காற்று இதுக்கு மேல இருந்தா இல்ல, மதியம் இத்தனை மணிக்கு மேல ஆனா இல்ல' என்று எண்ணோடு சொல்வார், ஏனென்றால் அதை முந்தைய நாளே எழுதி வைத்திருப்பார். "அதெல்லாம் பாத்துக்கலாம், வாங்க" என்று பதில் வந்தால், அந்த வாரம் கப்பலில் டிக்கெட் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.